ஏழாம் பாத்தியில் ஊதாப் பூ

எளாவூர் தாண்டி, லாரிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த சோதனை வயலில்தான் மதன் சாராளை முதலில் பார்த்தான். வீட்டின் முதல் பட்டதாரியான அவன் விதைக் கம்பெனியில் சேர்ந்து ஏற்ற முதல் வயல் அது. அவள் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலையை விட்டு இந்த வயல் வேலைக்கு வந்தவள். பாலுக்கு ஆகும் சோயா, பச்சையாக அவித்துத் தின்னும் சோயா என்று பாத்திக்கு ஒரு ரகம்.

மழை ஓய்ந்த காலைகளில் தொழிற்சாலைப் புகை தாழ இறங்கிப் பயிர்மேல் நிற்கும். அதற்குள் நடந்தால் சாராளுக்குத் தரையில் கால் பாவுகிற நினைவே இருக்காது.

விதைத்த பத்தாம் நாள் மதன் முளைப்பை எண்ணி எழுதிக்கொண்டு போனான். ஏழாம் பாத்தி சொட்டை சொட்டையாகக் கிடந்தது. கழனி தெரிந்த கை சும்மா இருக்குமா? சாராள் மூன்றாம் பாத்தியில் நெருக்கமாக இருந்த கன்றுகளை மண்ணோடு பெயர்த்து ஏழில் நட்டாள்.

அடுத்த வாரம் மதன் திகைத்து நின்றான்.

"இன்னாக்கா, ஏழு இப்டி ரொம்பிகீது?"

"நான்தான் சார் நட்டேன். பாக்க லட்சணமா இல்ல?"

"கல்யாணப் பந்தியாக்கா இது, காலி எலைய ரொப்பறதுக்கு? மூணுல நெருக்கமா கீறத எப்படியும் கலைச்சு விடணும், அது பரவால்ல. ஏழுல ரகம் கலந்துட்டா இந்த வருசமே வேஸ்ட்டு. ஆபீஸ்ல சொன்னா வேற ஆளப் போடுன்னுவாங்க."

"எது எதுன்னு எனக்குத் தெரியும் சார்."

"எல்லாம் ஒரே மாதிரிதானே கீது."

"உங்களுக்கு."

குந்தி உட்கார்ந்தாள். கட்டைவிரலால் அழுத்திய பள்ளங்களை மழை கரைத்திருந்தாலும், கண்ணை மூடினால் விரல் நினைவு வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"மூணு ஊதாவா பூக்கும், ஏழு வெள்ளை. பூ வரட்டும். அதுவரிக்கும் ஆபீஸ்ல சொல்லல" என்றான் மதன்.

அந்த நாட்களில் சாராளுக்குப் பஸ் சீட்டில் ஊதா, சர்ச் திரையில் ஊதா, காயும் துணியில் ஊதா. தூக்கத்தில் ஏழாம் பாத்தி முழுதும் ஊதாவாக விரிந்து மிதந்தது.

பூத்த காலையில் புகைக்குள் நடந்தாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. வரிசை முனையில் ஒன்று மட்டும் ஊதா. சுற்றிலும் ஆளில்லை. வேரோடு பிடுங்கி, மதன் வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

"நட்டது நாப்பத்தாறு சார். அன்னிக்கு நாப்பத்தஞ்சுதான் கெடச்சுது. பயந்துகினு சொல்லல."

மதன் செடியை வாங்கிப் பார்த்தான். 'ஏழு: கலப்பு நாற்பத்தாறு, நீக்கியாயிற்று' என்று நோட்டில் எழுதினான்.

அந்த வருடச் சோதனை கெடவில்லை. சாராள் இப்போது அதே கம்பெனியின் மூன்று வயல்களில் கலப்புச் செடி பிடுங்கும் வேலை பார்க்கிறாள்.