நான் கோயில் கட்டுவதாகச் சொன்ன வீடியோ

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். வீட்டில் அப்படியில்லை, வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். வெளியாட்களிடம் மட்டும் கோபம் கூடக் கூட என் பேச்சில் 'ங்க' கூடிக்கொண்டே போகும். எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான். இந்தக் குணத்தால் ஒரே புகாரைக் கொடுக்க ரெண்டு தடவை போக வேண்டியதாயிற்று.

நான் பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டைலர். போன மழைக்காலத்தில் மண்ணரைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியோடு விழுந்து வலது முழங்கால் கெட்டுப்போனது. கட்டுப் பிரித்த அன்றைக்குக் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கவே மாட்டேன் என்றது. மிஷினை மிதிப்பது வலது கால்தான், அது மடங்காவிட்டால் என் பிழைப்பே மடங்கிவிடும். நல்லூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டினேன்.

எனக்கு வைத்தியம் பார்த்த தம்பிக்கு என் மகன் வயசு இருக்கும். கெட்டிக்காரர். சிரித்த முகம். அந்தச் சிரிப்பு மாறாமலே முழங்காலைப் பிடித்து மடக்கினார் பாருங்கள், எனக்கு ஈரேழு பதினாலு லோகமும் தெரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கண்ணும் மூக்கும் ஒழுக, "விட்டுடு சாமி, உனக்குக் கோயில் கட்டறேன்" என்றுகூடக் கத்தினேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டாண்டில் அவருடைய போன் நின்றது. எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பார்க்க வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் மடங்கியது. அதில் குறையே சொல்ல முடியாது. நடந்தேன், படி ஏறினேன், சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். கம்பெனிக்குப் போய் என் மிஷினில் உட்கார்ந்து முதல் பீஸை ஓட்டியபோது அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

சில வாரம் கழித்து ஒரு நாள் டீ நேரத்தில், பக்கத்து மிஷின் பெண் போனை நீட்டி, கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிப் பார்த்தால் நான். நைட்டி முழங்கால் வரைக்கும் ஏறிக்கிடக்க, கட்டிலில் துடித்துக்கொண்டிருக்கிறேன். கோயில் கட்டறேன் என்று கத்துகிற இடத்தில் யாரோ கோமாளி இசை வேறு சேர்த்திருந்தார்கள். கீழே கிளினிக்கின் விளம்பரம். அது கம்பெனி குரூப்புக்கே வந்துவிட்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன். உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரர்கூடப் பார்க்காத அழுகை அது.

வெட்கத்தோடு முடிந்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். மறுநாள் காலையில் லைன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். வீடியோ பழசு என்று அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று உருகினார். நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனசோடு என்னைத் தூக்கிப் பிசிறு வெட்டுகிற மேஜையில் போட்டுவிட்டார். அவர் முன்னாலேயே நடந்து காட்டினேன், உட்கார்ந்து எழுந்து காட்டினேன். கால் கண்ணெதிரே நிற்கிறது, அவர் போனைப் பார்த்து, "வலி தெரியுதுங்களே அக்கா" என்கிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

என் மிஷினில் புதுசாக ஒரு பெண் உட்கார்ந்தாள். அந்த மிஷின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். கையில் கத்தரியோடு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். அதை நடத்துவது ஒரு டாக்டரம்மா. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ஒருத்தர் இடத்துக்குப் போய் எடுத்த எடுப்பில் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? முதலில் நல்லதைச் சொல்வோம் என்று தம்பியின் கைராசியைப் பற்றிச் சொன்னேன். கோபம் உள்ளே பொங்கப் பொங்க, ங்க மேல ங்க போட்டுச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தம்பியை உள்ளே கூப்பிட்டுப் பாராட்டினார். தம்பி என் கையைப் பிடித்து, நான் ராசியான பேஷண்ட் என்றார். அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது? எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் சொல்லியாச்சா என்று கேட்டார். டீ நன்றாக இருந்தது என்றேன். மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குச் சோற்றை அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், சாப்பிட்டுக்கொண்டே உருப்படியாக ஒன்று சொன்னார். உட்காராதே, டீ வாங்காதே, நின்றபடியே சொல்லிவிடு என்றார்.

மறுபடி போனேன். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார், நான் நின்றேன். டீ வந்தது, வேண்டாம் என்றேன்.

"டாக்டரம்மா, தம்பி வைத்தியம் நல்ல வைத்தியமுங்க. ஆனா என்ற அழுகைய எடுத்து ஊருக்கே காட்டியிருக்கறாருங்க. எடுக்கட்டுமான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. அதனால இன்னைக்கு என்ற மிஷினு போயிருச்சுங்க."

சொல்லிவிட்டேன். சொன்னதும் மூச்சு இறங்கியது.

டாக்டரம்மா வீடியோவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். எழுதிக் கொடுங்கள் என்றார், நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி வந்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எல்லோரும் ரசித்துத்தானே பார்க்கிறார்கள், அம்மாவுக்குத்தான் கால் குணமாகிவிட்டதே என்றார். டாக்டரம்மா போட்ட போட்டில் அங்கேயே அழித்தார். இனி அந்த அறைக்குள் போன் போகக் கூடாது என்றும் உத்தரவு ஆயிற்று. எனக்கு அது போதவில்லை. அவர் போனில் அழித்தால் எங்கள் சூப்பர்வைசர் போனில் அழியுமா?

தம்பி கம்பெனிக்கு வந்து சூப்பர்வைசரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றேன். ஆடு திருடின மாதிரி முழித்தார். போய்த்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மறுநாள் டீ நேரத்துக்கு வந்தார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. லைனே வேடிக்கை பார்த்தது. வீடியோ பழசு, அம்மாவின் கால் இப்போது நல்ல கால், நாள் முழுக்க மிதிக்கலாம், கேட்காமல் எடுத்தது என் தப்பு என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் என் காலை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம், டீயைக் குடித்துவிட்டு மிஷினுக்குப் போகச் சொன்னார். டீயாவது கீயாவது!

பிசியோதெரபி டாக்டர் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் விடுவார்களா? ஒருத்தி கழுத்தைக் காட்டினாள், ஒருத்தர் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார், பீகார்க்காரப் பையன் தோளைத் தொட்டுத் தொட்டு இந்தியில் ஏதோ சொன்னான். தம்பி திணறித் தவித்து வியர்த்துப்போனார். அந்தக் கோலத்தைப் பார்த்த பக்கத்து மிஷின் பெண், சிரித்துக்கொண்டே போனை உயர்த்தினாள். அவர் ஹெல்மெட்டைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

எடுக்கட்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஊரே பார்க்கட்டும், கோமாளி இசையும் போடட்டும் என்று உள்ளே ஒருத்தி குதித்தாள். ஹெல்மெட்டுக்குப் பின்னால் அவர் ஒடுங்கி நின்றதைப் பார்த்ததும், அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. நான் போய் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"கேட்டுட்டு எடு கண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எடுத்துக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

ஹெல்மெட்டுக்குப் பின்னால் இருந்து, "வேண்டாங்க" என்று வந்தது.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.