ரங்கூன் அரிசி நின்ற வருஷம்

அடுகோடிப் பேட்டையில் இருந்த ஆராவமுத முதலியாரின் கிடங்கில் பிரிஜெட் ஒன்பது வருஷமாக அரிசி புடைத்தாள். அங்கே வந்திறங்கியதெல்லாம் ரங்கூன் அரிசி. அவள் புருஷன் யூஜினும் ரங்கூனில்தான் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தான்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. யூஜினின் கடிதம் நின்றது. மார்ச்சில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் அரிசிக் கப்பலும் நின்றது. முதலியார் புடைக்கிற பெண்களை அனுப்பிவிட்டுக் கிடங்கைப் பூட்டினார். கேட்டவர்களிடம் ஒரு மணிகூட இல்லையென்று கையை விரித்தார். உள்ளே முந்நூறு மூட்டை இருப்பது பிரிஜெட்டுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் பயம்.

ஜூனில் யூஜின் வந்து சேர்ந்தான். காடும் மலையுமாக சிட்டகாங்வரை நடந்து, பிறகு ரயிலேறி வந்தவன். வாசலில் நின்ற எலும்பும் தோலுமான ஆளை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ராகிக் கூழ் கொடுத்தால் வாந்தியெடுத்தான். அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

பிரிஜெட் முதலியார் வீட்டுக்கு ஓடினாள்.

"ரெண்டு படி குடுங்க முதலாளி. அவரு சாகக் கெடக்குறாரு."

"கப்பலே வரலியேம்மா. சரக்குக்கு நான் எங்க போறது?"

"முந்நூறு மூட்டை இருக்கு. அடுக்கும்போது நானும்தானே இருந்தேன்."

முதலியார் தெருவை எட்டிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். "வாயைத் தொறக்காதே. தீந்துபோனா வா."

இரண்டு நாள் கஞ்சி குடித்தபின் யூஜின் எழுந்து உட்கார்ந்தான். அரிசி ஏதென்று கேட்டான். அவள் மறைக்கவில்லை.

"அங்க எதிரிக்குப் போயிடக் கூடாதுன்னு மூட்டை மூட்டையா ஆத்துல தள்ளுனாங்க பிரிஜெட். வர்ற வழியெல்லாம் சோறில்லாம ஜனங்க செத்துக் கெடந்தாங்க. இங்கயும் பூட்டியா வெச்சிருக்காங்க?"

சொல்லிவிட்டு, மீதிக் கஞ்சியையும் குடித்தான். குடிக்கும்போதே அழுதான். வந்த பதினோராம் நாள் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பிரிஜெட் உணவு அதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நானும் அதுல வாங்கித் தின்னேன் சார்."

கிடங்கை உடைத்தபோது நாற்பது மூட்டைதான் இருந்தது. மற்றதெல்லாம் எப்போதோ கைமாறியிருந்தது. தெருவுக்கு ஒரு வாரம் அரிசி கிடைத்தது. அவள் ரகசியமாக அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சிய கதையும் கூடவே பரவ, பக்கத்து வீட்டு பாகீரதி பேச்சை நிறுத்திக்கொண்டாள். காட்டிக்கொடுத்தவள் என்று எந்த மண்டியிலும் பிரிஜெட்டுக்கு வேலை தரவில்லை. பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கட்டுகிற இடத்தில் செங்கல் சுமக்கப் போனாள்.