நிரையில் கைமாறிய மாத்திரை

குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்த புதிதில், எஸ்டேட்டிலிருந்து யார் நடுங்கிக்கொண்டு வந்தாலும் குளிர் ஜுரம் என்றுதான் நினைப்பேன். ஒரு மதியம் ஜீப்பில் வந்த பெண்ணையும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பது வயதிருக்கும், தேயிலை பறிப்பவர். மூன்று கம்பளியைச் சுற்றிக் கூட்டிவந்திருந்தார்கள். உள்ளே உடம்பு கொதித்தது. வேர்வையில் சேலை தொப்பலாக நனைந்திருந்தது.

கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் மாமியார். மற்றவர் நிரையில், அதாவது தேயிலை வரிசையில், பக்கத்தில் நின்று பறிக்கும் தோழி. "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

தோழிதான் வாய் திறந்தார். இடுப்பு வலி என்றதால், தன் ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருந்த வலி மாத்திரையை நேற்று இரண்டு, இன்று இரண்டு கொடுத்தாராம். நிரையில் அது வழக்கம். டீ நேரத்தில் வெற்றிலையோடு மாத்திரையும் கைமாறும். ஒருத்திக்குக் கேட்டது எல்லோருக்கும் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை.

பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தேன். கையை எடுக்காமலிருந்தும் பாதம் தானாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. கண்மணிகள் விரிந்திருந்தன. இது குளிர் ஜுரமில்லை. இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன்.

நாக்கு குழறக் குழறச் சொன்னார். ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மாதாமாதம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போய் வாங்கி வருவார்.

"பைத்தியம்னு பேரு வெச்சுருவாங்கம்மா. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

மூளையில் செரட்டோனின் என்று ஒன்று உண்டு. குறைந்தாலும் பாடு, மிஞ்சினாலும் பாடு. மனச்சோர்வு மாத்திரை, தோழி கொடுத்த வலி மாத்திரை இரண்டும் தனித்தனியே நல்லவைதான். இவர் உடம்பில் சேர்ந்ததும் அதை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டன. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இரண்டையும் நிறுத்தினேன். கம்பளிகளை உருவினேன். இந்தக் குளிரில் இப்படிச் செய்கிறாளே என்று மாமியார் என்னைத் திட்டித் தீர்த்தார். ஈரத்துணி, சலைன், நடுக்கத்தை அடக்கும் ஊசி. இதற்கென்று கொடுக்கும் மருந்து எங்களிடம் இல்லை. ஆனால் அதே மருந்துதான் பசியெடுக்காத குழந்தைகளுக்கான சிரப்பிலும் இருக்கிறது. பஜாரில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வாங்கிவரச் செய்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தேன். டாக்டருக்கே மூளை கலங்கிவிட்டதென்று மாமியார் முடிவுகட்டியிருப்பார்.

மறுநாள் காலை ஜுரம் இறங்கியிருந்தது. பாதமும் அடங்கியிருந்தது. குழாயை எடுத்ததும் காபி கேட்டார்.

வராந்தாவில் தோழி அப்படியே உட்கார்ந்திருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நான் குடுத்த மாத்திரைதானுங்களே? அவளைக் கொன்னே போட்டிருப்பேனுங்களே."

வாக்குக் கொடுத்துவிட்டு என்ன சொல்வது? சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று மழுப்பினேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் நோயாளியிடம், உங்கள் தோழி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு, அவளைக் கூப்பிடுங்கள் என்றார். நான் நகரப் போனபோது என் கோட்டைப் பிடித்துக்கொண்டார். தோழி வந்து கட்டிலருகே நின்றதும் எல்லாவற்றையும் அவரே சொன்னார்: அழுகை, தூக்கமில்லாத நாட்கள், கண் டாக்டர் பொய், மாத்திரை.  பைத்தியம் என்ற அந்த ஒரு சொல் தோழியின் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதே என்று நான் பதறினேன்.

"ஒரு வருசமா தனியாவா போய்ட்டு வந்த?" என்றார் தோழி. "உனக்குத்தான் பஸ்ஸு மலையிறங்கிப் பர்லியார் போறதுக்குள்ள வாந்தி வருமே, புள்ள. யாரு தலையைப் புடிச்சா?"