பெல்ட்டின் கடைசிச் சாண்

எந்த வண்டியில் ஏறினாலும் அக்கா சீட் பெல்ட்டை நுனிவரை இழுத்துப் பார்ப்பாள். வாடகைக் காரோ, தெரிந்தவர் வண்டியோ, எதுவானாலும் சரி. இனி வராது என்கிற வரைக்கும் இழுத்து, ஒரு பார்வை பார்த்து, மெல்ல உள்ளே விடுவாள். பிறகுதான் மாட்டிக்கொள்வாள். பதினைந்து வருடமாக நான் இதைக் கவனித்து வந்தேன். ஏன் என்று கேட்டதில்லை. அத்தான்தான் கேலி செய்வார்.

"துணிக்கடையில முந்தானை விரிச்சுப் பாக்கற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு கலர் காட்டச் சொல்லட்டுமா?" என்பார்.

அக்கா சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அக்காவும் நானும் ஒரே வருடத்தில் பள்ளியை விட்டோம். நான் தையலுக்குப் போனேன். அவள் பழைய கார் கடையில் வண்டிகளின் உள்பக்கம் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். விற்பனைக்கு வரும் வண்டி முதலில் அவள் கைக்குத்தான் வரும். இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, இடுக்குகளில் பிரஷ் விட்டுத் தேய்த்து, பழைய சொந்தக்காரரின் வாசனையே இல்லாமல் செய்துவிடுவாள். அந்தத் தெருவின் மற்ற கடைக்காரர்களும் தங்கள் வண்டிகளை அவளிடம் அனுப்புவார்கள். எதைக் கொடுத்தாலும் புதுசாக்கித் தருகிறாள் என்று அவளுக்குப் 'புதுசு அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. வண்டியைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அது ஆண்கள் பேசுகிற விஷயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அத்தான் ஒரு தொழிற்சாலையில் ஊழியர் பேருந்து ஓட்டினார். தொழிற்சாலை அந்தப் பேருந்தை நிறுத்தியபோது அவருக்கு ஐம்பது வயது. நான்கு மாதம் வீட்டில் இருந்தார். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. மலைமேல் குடியிருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளை வாரத்தில் ஆறு நாள் கீழே கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். முதல் தேதிக்குள் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, மலை ஏறுகிற வண்டி, சொந்தமாக இருக்க வேண்டும். அலுவலகத்து அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"வண்டி வரலைன்னா அவங்களுக்கு ரத்தம் சுத்தமாகாது. ஒரு தடவை பொறுத்துக்குவோம். ரெண்டாவது தடவை வேற ஆளைப் பாத்துக்குவோம்."

புதிய பெரிய வண்டிக்கு ஆசைப்படக்கூட முடியாது. அக்காவும் அத்தானும் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே ஒரு பழைய வண்டிக்குப் போதும். தப்பான வண்டி வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தானுக்கு ஒரு மெக்கானிக் நண்பர் உண்டு. ஸ்பேனர் அண்ணன் என்போம். அவர்தான் அக்கா வேலை செய்யும் தெருவிலேயே ஒரு கடையில் வெள்ளை வண்டி ஒன்று நிற்பதாகச் சொல்லி எங்களைக் கூட்டிப்போனார். அக்கா துணைக்கு என்னையும் அழைத்தாள்.

வண்டியைப் பார்த்ததும் எனக்கே மூச்சு நின்றது. ஆள் உயரம், அகலமான படி, பால் போன்ற நிறம். உள்ளே மூன்று வரிசை. ஓடியிருந்தது அறுபதாயிரம் கிலோமீட்டர்தான். ஸ்பேனர் அண்ணன் இன்ஜினைக் கிளப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, "தையல் மிஷின் மாதிரி இருக்கு" என்றார். தையல் மிஷின் போடும் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். நான்கு மாதம் கழித்து அவர் முதுகு நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பெரிய வண்டி, சின்ன விலை. இப்பவே முன்பணம் குடுத்துட்டா வேற யாருக்கும் காட்ட மாட்டேன்," என்றார் கடைக்காரர்.

அக்கா முன் இருக்கை பெல்ட்டை இழுத்தாள். பார்த்தாள். விட்டாள். நடு வரிசைக்குப் போனாள்.

"ஆரம்பிச்சுட்டா," என்றார் அத்தான் சங்கடத்துடன். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது அவ வழக்கம்."

"பாக்கட்டுங்க. அக்கா சுத்தம் பண்ற வேலைதானே. கண்ணு தூசியிலதான் போகும்," என்று கடைக்காரர் சிரித்தார்.

அக்கா கடைசி வரிசைக்குள் குனிந்து ஏறினாள். அங்கே ஒரு பெல்ட்டை இழுத்தவள் அதை உள்ளே விடவில்லை. கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அத்தானைக் கூப்பிடு."

எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு சாண் மண் நிறத்தில் விறைத்துப்போய் இருந்தது. அதற்கு மேலே புதுத் துணி மாதிரி கறுப்பு. பக்கத்துப் பெல்ட்டையும் இழுத்தாள். அதிலும் அப்படியே.

"யாராவது காபி கொட்டியிருப்பாங்க," என்றார் கடைக்காரர்.

"காபி ரெண்டு பெல்ட்லயும் ஒரே அளவுக்கு வந்து நிக்காதுங்க," என்றாள் அக்கா. குரல் எழும்பவே இல்லை. "இது வெள்ளத்துல நின்ன வண்டி. எப்ப வேணா நடுவழியில நின்னுடும். மீதியைத் தேச்சுச் சுத்தம் பண்ணினது நான்தான். உங்க ஆள் கொண்டுவந்து விட்டப்ப வேற நம்பர் பிளேட் இருந்துச்சு. அதான் பாத்ததும் அடையாளம் தெரியல."

ஸ்பேனர் அண்ணன் குனிந்து அந்தப் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இதை ஏன் தேய்க்கல?" என்று கேட்டது ஸ்பேனர் அண்ணன்.

"கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பளிச்சுனு ஆக்கச் சொன்னாங்க. ஆக்கினேன். வேலையை விட முடியாது. ஆனா தண்ணியில நின்ன வண்டின்னா, பின் வரிசை பெல்ட்ல கடைசிச் சாணை மட்டும் நான் தொடறதில்லை. பாக்கணும்னு நினைக்கறவங்க பாத்துக்கட்டும்னு விட்டுடுவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இழுத்துப் பாத்த மாதிரி தெரியல. இந்த வண்டியை இவ்வளவு அழகா பண்ணிட்டு, நானே கொஞ்ச நேரம் மயங்கிட்டேன்."

பிறகு பிரேக் பெடலைக் காட்டினாள். அதன் ரப்பர் மட்டும் புத்தம் புதுசு. "அறுபதாயிரத்துல இது தேயாதுங்க. யாரோ மாத்தியிருக்காங்க. வண்டி காட்டற கணக்கை விட நிறைய ஓடியிருக்கு."

கடைக்காரர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தான் இறங்கினார். பேருந்தில் திரும்பினோம். வீட்டு வாசலில் அத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த வண்டியை நீயே பாரு," என்றார். அக்காவிடம் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அக்கா ஆறு வண்டிகளைப் பார்த்து ஆறையும் தள்ளினாள். ஏழாவது, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வீட்டில் நின்ற சாம்பல் நிற வண்டி. காலையில், அவர் எழுந்து வருவதற்கு முன்பே போய் நின்றோம். அக்கா முதலில் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்கு. முன்னாடியே இன்ஜினைச் சூடு பண்ணி வெச்சுக் குறையை மறைக்கல."

இருக்கைத் துணி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பின்பக்கத்துக்கு ஏசி காற்று சரியாக வரவில்லை. ஓடியிருந்தது இரண்டு லட்சத்துப் பதினாயிரம்.

"இது பூமியை அஞ்சு சுத்து சுத்தின வண்டி," என்றார் அத்தான்.

"அஞ்சு சுத்துக்கும் ரசீது இருக்கு," என்றாள் அக்கா.

இருந்தது. எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது, ரேடியேட்டர் மாற்றியது என்று எல்லாம் ஒரு பழைய அளவைப் பையில் தேதிவாரியாக. பெடல் ரப்பர் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. ஏழு பெல்ட்டும் நுனிவரை ஒரே மாதிரி வெளுத்திருந்தன. ஸ்பேனர் அண்ணன் வண்டிக்கு அடியில் வெகுநேரம் கிடந்தார். முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து வந்து, "வயசான வண்டிதான். ஆனா எலும்பு கெட்டி. பாகமும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும்," என்றார்.

அக்கா அளவையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "ஏன் விக்கறீங்க, ஐயா?"

"வண்டி ஏறுது. எனக்குத்தான் அதுல ஏற முடியல," என்று அவர் தம் முழங்காலைத் தட்டினார். கதவருகே மரத்தில் செய்த சின்னப் படி ஒன்று கிடந்தது. மனைவிக்காகச் செய்ததாம். "அதையும் எடுத்துக்கோங்க."

மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். அக்கா முன்னால் உட்காரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

"பின்னாடி உக்காரறவங்களுக்குத்தான் வண்டி எப்படின்னு தெரியும். முட்டி இடிக்குதா?"

"இல்லக்கா."

"குமட்டுதா?"

"இல்ல."

ஏழு கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜின் வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. உச்சியில் இறங்கி, சக்கரத்தருகே குனிந்து, கருகிய வாடை வருகிறதா என்று முகர்ந்துவிட்டு அக்கா தலையாட்டினாள். வெள்ளை வண்டிக்குச் சொன்ன விலையைவிட இது குறைவு. அந்த வித்தியாசத்தில் டயர்களும், கசிந்த ஒரு ஷாக் அப்சார்பரும், பின்பக்க ஏசியும் சரியாயின. கிழிந்த இருக்கைகளை நான் தைத்தேன். முதல் தேதி காலை அத்தான் மலைக்குப் புறப்பட்டபோது அக்கா வெளியே வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. வண்டி மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வண்டியால் ஒரு நோயாளிக்கும் இதுவரை முறை தவறவில்லை. ஸ்பேனர் அண்ணன் யாருக்காவது பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் அக்காவைக் கூப்பிடுகிறார். நோயாளிகள் அந்த மரப்படியில் கால் வைத்துத்தான் ஏறுகிறார்கள். அக்கா இன்னும் அதே கடையில்தான் வேலை பார்க்கிறாள். தண்ணீரில் நின்ற வண்டி வந்தால், பின் வரிசை பெல்ட்டில் கடைசிச் சாணை இன்றும் தேய்ப்பதில்லை.