காயில் அக்கா கட்டிய இலை வளையம்

என் அக்காவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. எனக்கு முதலில் வருவதே அதுதான். ஒரே வயிற்றில் பிறந்தும் இப்படி.

அக்கா இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் பட்டறையில் காயில் கட்டுகிறாள். கருகிப்போன மின்விசிறியையும் பம்பையும் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைப்பது அவள் வேலை. எங்கள் அடுக்குமாடி முழுக்க அவளுக்குக் காயில் அக்கா என்றுதான் பேர். யார் வீட்டு மிக்சி நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். "வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வீடு நாலாவது மாடி. நேர் கீழே என் வீடு. எல்லா மாடியிலும் ஒரே பழுப்புக் கதவு, ஒரே கைப்பிடி.

போன வருஷம் மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, வீட்டுக் கதவு தவற ஆரம்பித்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. இப்போது மாடி மறந்துபோகிறது. கதவில் நம்பர் இருக்கிறதே என்பீர்கள். அந்த நம்பர்தான் அவர் மனசில் நிற்கவில்லை. ஒருநாள் இரண்டாவது மாடித் தையல்காரம்மா வீட்டுக் கதவில் சாவியைத் திணிக்க, அந்தம்மா திருடன் என்று கத்த, மனுஷன் கூனிக் குறுகிப்போனார். அதோடு காலையில் பேப்பர் வாங்கப் போவதும், பழைய டிரைவர்களோடு டீக்கடையில் உட்காருவதும் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் போனால், சட்டை மாட்டும் கம்பியை வட்டமாக வளைத்து மடியில் வைத்திருந்தாள். பிளாஸ்டிக் இலைக்கொடியைச் சாண் சாணாக வெட்டி, பட்டறையில் மிஞ்சிய மெல்லிய செம்புக் கம்பியால் ஒவ்வொன்றாகக் கட்டினாள். கட்டிய இடத்தை அடுத்த இலை மறைத்தது. முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.

"என்னக்கா இது, சாவு வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரி?"

"அதுக்குத்தான் பூவே வைக்கல. வெறும் இலை. பச்சை இருந்தா நம்ம வீடு. அவர் அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்."

வாசல் கதவில் மாட்டினாள். மறுவாரமே மாமா தனியாகப் போய்ப் பேப்பரோடு திரும்பினார். அக்கா அன்றைக்குப் பட்டறையில் பாட்டு முணுமுணுத்தாளாம்.

இனி என் வண்டவாளம். அந்த வளையம் அவ்வளவு அழகு. "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுக்கா" என்றேன். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். அக்கா வாயில்தான் 'முடியாது' வராதே. "சரிடி" என்றாள். என் கதவில் பார்த்துவிட்டு எதிர்வீடு கேட்டது, கீழ்வீடு கேட்டது. மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். புருஷனின் மறதியை ஊருக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டே மாதத்தில் எல்லாக் கதவிலும் பச்சை.

ஒருநாள் காலை என் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மாமா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். "ஒரு டீ போடேன்" என்றார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"பச்சை இருந்துச்சேம்மா," என்றார். "இனி நான் எங்கேயும் போகலை."

அவரை மேலே கொண்டுபோய் விட்டேன். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே கதவு கதவாகத் தட்டினேன். "வெயில் பட்டா இலை வெளுத்துடுமாம். கதவுக்கு உள்பக்கம் மாட்டச் சொன்னா அக்கா." வாய் கூசாமல் புளுகினேன். தையல்காரம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த நடையில வெயில் எங்கேம்மா வருது?"

நான் மேலே போகும் படியைப் பார்த்தேன்.

"அவருக்காகத்தானே? திருடன்னு கத்தினவ நான். இன்னைக்கும் உறுத்துது. முதல்லயே சொல்லியிருந்தா கேட்டே இருக்க மாட்டேனே." அங்கேயே வளையத்தைக் கழற்றினாள். "மிச்ச வீடுகளுக்கு நான் சொல்லிக்கிறேன், நீ போ."

நாலு நாள் மாமா அசையவில்லை. ஐந்தாம் நாள் அக்கா எப்படியோ பேசிப் பேசி அனுப்பிவிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பாமல் என் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்பக்கம் மாட்டிய வளையம் என் தோளில் உரசியது.

செருப்புச் சத்தம் ஏறி வந்து என் மாடியில் நின்றது. வெளியே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் மறுபடி படியேறியது. மேலே சாவி ஒரே தடவையில் திரும்பியது.

"வந்துட்டீங்களா?" அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டது படிவழியாக என் காதில் விழுந்தது.

"வராம?" என்றார் மாமா. "நம்ம வீடு தெரியாதா எனக்கு?"