புத்தகப் படத்தை ஒத்த தும்பி

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நிதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவரைத் தும்பி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் பக்கத்து அறையில் தட்டச்சு செய்பவள். இருபத்தொரு வருடம் ஒரே குளத்தில் ஒரே இனத் தும்பியைப் பிடித்து, ஊசி குத்தி, தேதிச் சீட்டு வைத்து, பதினேழு டிராயர்களை நிரப்பினார். ஒன்றின் இறக்கையில் மிளகளவு கறுப்புத் திட்டு, இன்னொன்றில் வெறும் கோடு, சிலதில் அதுவும் கிடையாது. "ஒரு வயித்துப் பிள்ளைங்களே ஒண்ணு போல இருக்காது, இது மட்டும் இருக்குமா?" என்பார். எந்த வருடம் திட்டு பெருத்தது, எந்த வருடம் சிறுத்தது என்று பார்ப்பதே அவர் வேலை. அந்துருண்டை நாற்றத்துக்குப் பயந்து புருஷன் பக்கத்தில் உட்காரமாட்டார் என்று சிரிப்பார்.

மகள் பிரசவத்துக்கு அக்கா விடுப்பில் போன நேரம் பார்த்துப் புது அதிகாரி வந்து சேர்ந்தார்.

"ஒரே பூச்சிக்குப் பதினேழு டிராயரா? புத்தகத்துல இருக்கற படம் மாதிரி ஒண்ணு போதும். மத்ததெல்லாம் குப்பை."

"அக்கா வந்துடட்டும் சார்."

"நீங்க டைப் பண்ற வேலையைப் பாருங்கம்மா."

படத்தோடு ஒப்பிட்டு அவரே ஒன்றைப் பொறுக்கினார். மீதியைக் கொல்லைப்புறத்தில் எரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் மேலேயும்தான் எனக்குக் கோபம்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்த அக்கா, காலி டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு லென்ஸ் வைத்து மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தார். நேரே அதிகாரி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், இது அந்த இனமே இல்ல. இறக்கை நரம்பு வேற. இதுக்கு மட்டும்தான் திட்டு எப்பவும் ஒரே அளவா இருக்கும். யாரும் இதை அதுன்னு நெனச்சு ஏமாந்துடக் கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணு ஓரமா வெச்சிருந்தேன். அதைப் போய் எடுத்திருக்கீங்களே, பாவி மனுஷா!"

அவர் முகம் செத்துப்போனது. "யாருக்குத் தெரியப் போகுது? பழைய பேரே இருக்கட்டும்."

அக்கா ஒரு சீட்டில் எழுதினார்: 'இது அந்தத் தும்பி அல்ல. அவை எரிக்கப்பட்டன.' அதிகாரி அதைக் கிழித்து என்னிடம் திரும்பினார்.

"பழைய பேரையே டைப் பண்ணி ஒட்டுங்க."

என் வேலையைப் பார்த்தேன். அக்காவின் இரண்டு வரியையும் அப்படியே அடித்தேன். கீழே, 'அதிகாரியின் உத்தரவுப்படி' என்று சேர்த்து, அவர் பெயரையும் தேதியையும் அடித்து, அந்தத் தும்பி இருந்த காட்சிப்பெட்டியின் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டிப் பூட்டினேன். சாவி அக்காவிடம் இருக்கிறது.