கூர் போன பூதங்கள்

அக்குறணையில் பாதிப் பேர் சிரிப்பது முனாஸ் நானாவின் கைவேலையால்தான். பல் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் அவருக்கு வீட்டில் சிரித்துப் பேச ஒருவரும் கிடையாது. மனைவி சகீனா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து நாலு வருடம். ஒரே மகன் பஹீம் மெல்பேர்னில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இவர் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் பார்த்து அழைப்பான். சாப்பிட்டீங்களா, பிரஷர் மருந்து குடிச்சீங்களா, அங்க மழையா. மூன்று நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் பேச இருவருக்கும் ஒரு விஷயமும் இல்லை. அதுதான் மனிதரை உள்ளுக்குள் அரித்தது.

அலுமாரியின் மேல் ஒரு போர் விளையாட்டுப் பெட்டி கிடந்தது. வெளிநாடு போவதற்கு முந்திய மாதம் பஹீம் வாங்கி வந்தது. ஒரு பக்கம் வாள்வீரர்கள், மறுபக்கம் காட்டுப் பூதங்கள், நடுவே பலகை. புதிதாக விளையாடத் தொடங்குகிறவர்களுக்கென்றே செய்த பெட்டி.

"வாப்பா, இதுக்கு ரெண்டு பேர் வேணும். வாரீங்களா?" என்று அன்று கேட்டான்.

"வேல கெடக்கு மகன். நாளைக்குப் பாப்பம்."

பொய்யில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் கல்யாணத்துக்குள் மேல்வரிசைப் பல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மறுநாளும் அவர் அந்தப் பெட்டிப் பக்கம் போகவில்லை. பிரிக்காத பெட்டி அலுமாரி மேல் ஏறியது, பஹீம் விமானம் ஏறினான்.

மூன்று வருடம் கழித்து இப்போதுதான் அதை இறக்கினார். விளையாட்டைப் படித்துக்கொண்டால் பேச ஒன்று கிடைக்கும். மகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல இங்கே அவனுடைய காய்களையும் தானே நகர்த்தலாம். வாரம் ஒரு ஆட்டம் என்றாலும் ஒரு மணித்தியாலம் போகுமே. இதுதான் அவர் போட்ட திட்டம். பெட்டியின் மேலிருந்த மெல்லிய தாளைக் கிழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் கூசியது.

உள்ளே இருந்தவை முழு உருவங்கள் அல்ல. கை வேறு, தலை வேறு, வாள் வேறாகப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறொருவர் என்றால் மலைத்துப் போயிருப்பார். முனாஸ் நானா தன் சின்ன அரத்தையும் இடுக்கியையும் எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். வெட்டினார், அராவினார், ஒட்டினார். இரண்டு வாரத்தில் பதினாறு உருவமும் எழுந்து நின்றன. விதிப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்து முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, புத்தகத்தில் இருந்த படத்தைப் போலவே மேசைக்கு இரண்டு பக்கமும் கதிரை போட்டார். பலகையை விரித்தார். வீரர்கள் தன் பக்கம், பூதங்கள் மகன் பக்கம். போன் அடித்ததும் கெமராவை மேசைக்கு நேரே பிடித்தார்.

பஹீம் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"வாப்பா, எனத்த செஞ்சீக்கீங்க? பூதத்துக்கெல்லாம் பல்லையே காணல்ல. வாளெல்லாம் கரண்டி மாதிரி ஈக்குது."

அப்போதுதான் முனாஸ் நானா ஒரு பூதத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார். கோரைப்பல், நகம், வாள்முனை, ஈட்டி, ஒன்று விடாமல் அராவி வைத்திருந்தார். கூர் இருந்தால் ஈறு புண்ணாகும் என்று முப்பது வருடம் பழகிய விரல்கள் இவரைக் கேட்காமலே வேலையை முடித்திருந்தன.

"கையில குத்துமெண்டு…" என்று இழுத்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் மகன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பதினாறு வாளை மழுக்கலாம் என்று தோன்றியது.

"சரி மகன், நீ சொல்லு. ஒன்ட ஆக்கள நான் நகத்துறன். மொத ஆட்டம் ஒனக்கு."

"இண்டைக்கு ஏலாதே வாப்பா. வெள்ளிக்கெழமயில இங்க நாங்க கூட்டாளிமார் சேந்து இதத்தான் வெளயாடுற. அவங்க வந்துட்டாங்க, வாசல்ல நிக்காங்க."

"அப்பிடியா. நல்லம், நல்லம். போய் வெளயாடுங்க."

"இன்னொரு நாளைக்குப் பாப்பம், என்ன?"

அன்றைக்குத் தான் சொன்ன அதே பதில். அவனை ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அழைப்பைத் துண்டித்து நேரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் பேசியிருக்கிறார்கள். வழக்கத்தைவிட இரட்டிப்பு.

பலகையை மடித்து வைக்க மனம் வரவில்லை. எழுந்து எதிர்க் கதிரையில் போய் உட்கார்ந்து பஹீமுக்காகப் பெட்டியோடு வந்த பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது. மகனின் பூதத்தை முன்னால் நகர்த்தி, எதிரே நின்ற வீரனை வீழ்த்தினார். திரும்ப இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, செத்துப்போன தன் வீரனை மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"நல்லா வெளயாடுறாய் மகன்" என்றார் எதிர்க் கதிரையைப் பார்த்து. பிறகு தன் முறையை ஆடிவிட்டு, மகனின் முறைக்காக மறுபடி எழுந்தார்.